பச்சை வாசனை போகிற வரைக்கும்

வாங்க, வாங்க. உள்ள வந்து கதவச் சாத்திருங்க. நாத்தம் வெளிய போனா எதுத்தாப்ல இருக்கற லேஅவுட்டுக்காரங்க உடனே போனக் கையில எடுத்துருவாங்க. நீங்கதானுங்களா நாச்சிமுத்து? வைரவன் சார் நேத்தே சொல்லிட்டாரு, காலைல புது ஆளு வர்றாரு மாஸ்டர், நீங்கதான் வேலையச் சொல்லிக் குடுக்கோணும்னு. சோறு உண்டாச்சுங்களா? வெறும் வயித்தோட இங்க வரக்கூடாதுங்க. அதச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு.

இப்படி உக்காருங்க, இந்த வால்வு பக்கத்துல. அந்த அண்டாவச் சுத்தி ஓடற சுடுதண்ணிய இப்பத்தான் தொறந்து விட்டேன். அண்டா சூடேற நேரமாகும். அது வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம், எனக்கும் இங்க பேச ஆளில்ல. வைரவன் சார் மேனேஜருங்க, அவரு ஆப்பீசு ரூமோட சரி, இக்கட்ட வர மாட்டாரு. வாச்மேனு கேட்டுப் பக்கத்துலயே கெடப்பாரு. நானும் இந்த அண்டாவுந்தான்.

தறியா ஓட்டிட்டு இருந்தீங்க? வித்துட்டீங்களா? அட சாமி. இப்ப யாருதான் தறி வெச்சுப் பொழைக்கறாங்க. புள்ளைங்க? ரெண்டும் பொண்ணா, சரி. மூத்தது நர்சிங் சேந்திருக்குதா. அப்ப இந்த வேல உங்களுக்கு நெலைக்கோணும், இல்லீங்களா? நெலைக்கும். சொன்னதச் செஞ்சா நெலைக்கும்.

மொதல்ல வேல என்னனு சொல்லிர்றேன். ஊருக் கக்கூஸுத் தண்ணி மொத்தமும் கொழாயில இங்க வந்துருது. தண்ணி தெளிஞ்சு அக்கட்ட ஆத்துக்குப் போயிருது. அடில தங்கற சகதி இருக்குது பாருங்க, அது வெளிய நிக்கற அந்தப் பெரிய மூடுன தொட்டிக்குப் போகுது. டைஜஸ்டர்னு பேரு. உள்ள காத்து இல்ல. காத்தில்லாத எடத்துல வளர்ற பூச்சி அந்தச் சகதியத் தின்னு கேஸு விடுது. அந்தக் கேஸுல இஞ்சின் ஓடுது, இஞ்சின்ல கரண்டு வருது, அந்தக் கரண்டுலதான் இந்த எடமே ஓடுது. கேஸு கொறஞ்சா வெளிய இருந்து கரண்டு வாங்கோணும். வைரவன் சாருக்கு மேல இருந்து பேச்சு விழுகும்.

முந்தியெல்லாம் கேஸே வராதுங்க. எதுனால? சகதியப் பச்சையா உள்ள விட்டாங்க. பச்சையாக் குடுத்தா பூச்சிக்கு எப்படிச் செரிக்கும்? நமக்கே பச்சரிசிய அப்படியே வாயில போட்டா செரிக்குமா? அதனால ஒரு பெரிய இஞ்சினியரு வந்து பாத்துட்டு, சகதிய மொதல்ல சூடு பண்ணுங்க, காஸ்டிக் சோடா போட்டுக் கலக்குங்க, அந்தக் கெட்டித் தோலெல்லாம் ஒடைஞ்சு சத்து வெளிய வரும், அப்பறம் உள்ள விடுங்கன்னாரு. அதுக்குக் கட்டுனதுதான் இந்தத் தொட்டி. அதுக்கு நீளமா ஒரு பேரு வெச்சிருக்காங்க. நான் வந்த நாள்ல இருந்து அண்டாதான். இப்ப வைரவன் சாரே அண்டான்னுதான் சொல்றாரு.

நான் யாருன்னு நெனைக்கறீங்க? சென்னியப்ப மாஸ்டருங்க. ஈரோட்டுல இருந்து தாராவரம் வரைக்கும் கல்யாணச் சமையல். முகூர்த்த மாசத்துல எங்கிட்ட நாள் கெடைக்காது. வைரவன் சாரு கல்யாணத்துக்கே நான்தான் சமைச்சேன். அவங்க காரைக்குடிப் பக்கம், சாப்பாட்டுல லேசுல திருப்திப்பட மாட்டாங்க. அவங்க பெரியவங்களே சமையக்கட்டுக்கு வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க.

அப்பறம் ஏன் இங்க வந்தேன்னு கேக்கறீங்க. கேளுங்க, தப்பில்ல. ஆனா உங்களோட இருக்கோணும், வெளிய போகக்கூடாது. அந்தக் காச்சல் வந்துச்சுல்லங்க, ஊரே மூடிக் கெடந்தமே, அதுல எனக்கு மூக்கு போயிருச்சு. எல்லாருக்கும் போச்சு, திரும்ப வந்துச்சு. எனக்கு வரவே இல்ல. பெருங்காயத்தக் கையில வெச்சு மோந்தாலும் மண்ணு மோந்தாப்லதான். காங்கயத்துல ஒரு கல்யாணம், தேங்கா கெட்டுப் போயிருந்திருக்குது, எனக்குத் தெரியல, சட்னியா அரைச்சுப் பரிமாறிட்டேன். மாப்ள வீட்டுக்காரங்க எலையத் தூக்கி வீசிட்டாங்க. பேசாத பேச்சில்ல. அன்னிக்குக் கரண்டியக் கீழ வெச்சவன்தானுங்க.

வைரவன் சாருக்கு அது தெரியாது. மாஸ்டரு வயசாயிருச்சுன்னு தொழில விட்டுட்டாருன்னு நெனைச்சுக்கிட்டாரு. பெரிய அண்டாவக் கிண்டத் தெரிஞ்ச ஆளு வேணும், வர்றீங்களான்னு கேட்டாரு. வந்துட்டேன். நாத்தம் புடிச்ச எடத்துல வேல, எனக்கு நாத்தமே தெரியாது. இதவிடப் பொருத்தமா ஒரு வேல அமையுமா சொல்லுங்க?

அப்ப லேபுல ஒரு பொண்ணு இருந்துச்சு, பெனிட்டான்னு. நாகர்கோயில்காரி. படிச்ச புள்ள, நல்ல புள்ளதான், ஆனா எல்லாத்துக்கும் ஒரு கருவி வேணும் அதுக்கு. சூட்டுக்கு ஒண்ணு, புளிப்புக்கு ஒண்ணு. மாஸ்டர் இத்தனை டிகிரி போகணும், இத்தனை நேரம் நிக்கணும், சோடா இவ்வளவு போடணும்னு ஒரு தாள்ல எழுதிச் செவுத்துல ஒட்டிட்டுப் போச்சு. ஒட்டட்டும்னு விட்டுட்டேன். ஆனா உங்ககிட்டச் சொல்றேன், ஆயிரம் பேருக்குச் சாம்பாரு வெக்கறவன் டிகிரியா பாக்கறான்? பச்ச வாசன போச்சான்னு பாக்கறான். பச்ச வாசன போகாம எறக்குனா அது சாம்பாரில்ல. மசாலும் அப்படித்தான், புளித்தண்ணியும் அப்படித்தான், கடல மாவும் அப்படித்தான். சகதி மட்டும் வேறயா? நாத்தம்னா என்ன? வேகாததோட வாசன. வெந்துருச்சுன்னா நின்னுரும். இத நானாக் கண்டுபுடிச்சேன், எந்த இஞ்சினியரும் சொல்லிக் குடுக்கல.

ஆனா எனக்கு மூக்கில்லியே. அப்ப மூக்குக்கு ஒரு ஆளு வேணும். அதுவுமில்லாம வால்வு இங்க கீழ இருக்குது, மூடி அங்க மேல இருக்குது. அந்த இரும்புப் படி தெரியுதுங்களா? அதுல ஏறுனா மேல ஒரு தட்டு, தட்டுல நின்னு மூடியத் தொறந்து, குனிஞ்சு பாக்கோணும். மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். கீழ இருந்து நான் கேப்பேன், வாசன போச்சான்னு. போச்சுன்னா சுடுதண்ணி வால்வ அடைப்பேன். அவ்வளவுதான் வேல. மாரப்பன் இருந்த வரைக்கும் இப்படித்தான் நடந்துச்சு.

மாரப்பன்தான் மொத ஆளு. உங்களுக்கு முந்தி இருந்தவன். என்னைய விட மூத்தவன்தான், ஆனாலும் பேரச் சொல்லித்தான் கூப்புடறது, அது இந்தப் பக்கம் பழக்கமாயிருச்சு. அவன் என்னைய மாஸ்டருங்கன்னுதான் கூப்புடுவான். அவங்கப்பன் காலத்துல இருந்து சாக்கடைக்குள்ள எறங்குன குடும்பம். நாத்தமெல்லாம் அந்த ஆளுகளுக்கு ஒண்ணும் பண்ணாதுங்க, பொறந்ததுல இருந்து பழக்கம். நல்ல ஆளு. சொன்னாச் சொன்னதச் செய்வான். அவன் மூக்கு இருக்குதே, அப்படியொரு மூக்கு. மாஸ்டருங்க, இன்னிக்கு எந்தச் சத்திரத்துலயோ விருந்துங்க, தண்ணியில நெய் வாசன வருதுங்கன்னுவான். நான் அப்படியே உக்காந்து கேட்டுக்குவேன். ஒரு நாள் அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அப்பெல்லாம் இந்தக் கொட்டாயிக்குச் செவுரு கெடையாதுங்க. நாலு தூணும் மேல கூரையும் மட்டுந்தான். காத்து பாட்டுக்கு வரும் போகும். எதுத்தாப்ல வீடு வந்துச்சு. வந்தவங்க கலெக்டரு வரைக்கும் மனுக் குடுத்துட்டாங்க, கொழந்தைங்க சோறு திங்க முடியல, துணி காயப்போட முடியலன்னு. அப்பத்தான் வைரவன் சாரு சுத்தியும் தகரம் அடிச்சு அடைச்சாரு. பாருங்க, ஒரு ஓட்ட இல்ல. பெரிய கதவ டேங்கரு வந்தா மட்டுந்தான் தொறக்கறது. நாத்தம் வெளிய போறதே இல்ல. மனுவும் நின்னு போச்சு.

அடைச்சதுல எனக்கு ஒரு நன்மையுங்க. சூடு வெளிய போகாம நின்னுச்சு. அண்டா சீக்கிரம் காஞ்சுது. அப்பத்தான் எனக்கு இன்னொரு யோசன வந்துச்சு. இட்லிக்கு மாவு அரைச்சவுடனே ஊத்தறமா? புளிக்க வெச்சுத்தான ஊத்தறோம்? சகதிய மட்டும் எதுக்கு அன்னன்னிக்கே வேக வெக்கோணும்? வெள்ளிக்கெழம பொழுதோட அண்டாவ நெரப்பி, மூடிய இறுக்கி, அப்படியே விட்டுட்டேன். திங்கக்கெழம காலைல வந்து சூடு பண்ணுனா, அட, கரைஞ்சு கூழாட்டம் கெடக்குது. உள்ள விட்டோம். ரெண்டு நாள்ல கேஸு பொங்கிருச்சு. மிச்சமாகற கேஸ எரிக்கறதுக்கு வெளிய உசரமா ஒரு கொழாய் நிக்குதே, அதுல நீலமா ஓங்கி எரிஞ்சுது பாருங்க! லேஅவுட்டுப் பொம்பளைங்கெல்லாம் மாடியில நின்னு பாத்தாங்களாமா. வைரவன் சாரு எனக்கு எல்லாரு முன்னாலயும் சால்வ போட்டாரு. தொழில விட்டதுக்கப்பறம் எனக்கு விழுந்த மொதச் சால்வ அதுதானுங்க.

சோடாவையும் நிறுத்திட்டேன். புளிச்சதுல சோடா போட்டா புளிப்பு செத்துரும், அப்பறம் புளிக்க வெச்சதுக்கே அர்த்தமில்லாமப் போயிரும். இது எந்தச் சமையக்கட்டுலயும் தெரிஞ்ச விசயந்தான. சோடா நிறுத்துனதுக்கப்பறமும் கேஸு கொறையல. அப்ப அந்தச் சோடா இத்தன நாளு எதுக்குக் கொட்டுனாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

பெனிட்டா லீவுல ஊருக்குப் போயிருந்துச்சு. வந்து பாத்துட்டுக் குதிகுதின்னு குதிச்சுது. சோடா போட்டாத்தான் மாஸ்டர் சகதியில இருந்து வர்ற வெசக்காத்து அதுக்குள்ளயே அடங்கி இருக்கும், நீங்க புளிக்கவும் வெச்சு, சூடும் பண்ணி, சுத்தியும் அடைச்சும் வெச்சிருக்கீங்களேன்னு. மஞ்சளா சின்னதா ஒரு பொட்டி கொண்டாந்து மாரப்பன் சட்டையில மாட்டி விட்டுச்சு. வெசக்காத்து வந்தாக் கத்துமாமா. மேல ஏறுனாக் கத்துது. எறங்குனா நிக்குது. மறுக்கா ஏறுனா மறுக்காக் கத்துது. எந்நேரமும் கத்தறதுக்குப் பேரு என்னங்க, ரிப்பேரு. நாங்கேக்கற கேள்விக்கு அவன் சொல்ற பதிலு என் காதுல விழுக மாட்டேங்குது. பேட்டரியக் கழட்டி மேசைக்குள்ள போட்டுட்டேன்.

என்ன கேட்டீங்க? ஆமா, இன்னும் மேசைக்குள்ளதான் கெடக்குது. பேட்டரி எங்கயோ போச்சு. உங்களுக்கு எதுக்குங்க அது?

அந்தப் புள்ள சொன்னதையும் சொல்லிர்றேன், நாளைக்கு வேற யாராச்சும் சொல்லி நீங்க பயந்துக்கக் கூடாதுல்ல. வைரவன் சாரு, வாச்மேனு, மாரப்பன், எல்லாரும் நிக்கறாங்க. எம் மூஞ்சிக்கு நேரா சொல்லுது. வாசனை போகல மாஸ்டர், மேல நிக்கற ஆளோட மூக்குதான் மரத்துப் போகுது. அந்தக் காத்து கொஞ்சமா இருந்தா நாறும். கூடுனா மொதல்ல மூக்கக் கொல்லும். நாத்தம் நின்னுருச்சுன்னு நீங்க நெனைக்கற நேரத்துலதான் அது நெறஞ்சு நிக்கும், அதுக்கு மேல ரெண்டு மூச்சு இழுத்தா ஆளே இருக்க மாட்டாங்கன்னு. எங்கிட்ட! ஒரு சமையல்காரங்கிட்ட வந்து வாசன போறதப் பத்திப் பாடம்! எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. அம்மிணி, நீ பொறக்கறதுக்கு முந்தி நான் கரண்டி புடிச்சவன், போயி உன் கண்ணாடிக் குப்பியக் கழுவுன்னுட்டேன். வைரவன் சாரு ஆப்பீசுக்குத் திரும்பிட்டாரு. அவரு பாவம் கேஸப் பாப்பாரா, இதப் பாப்பாரா.

அது மேலதிகாரிங்களுக்கும் எழுதிப் போட்டுச்சு. எழுதுனவங்களுக்கு என்ன நடக்கும்? வேற ஊருக்கு மாத்திட்டாங்க. போற அன்னிக்கு இங்க வந்து நின்னுச்சு. கண்ணெல்லாம் கலங்கிருச்சு. மாஸ்டர், உங்க காலுல வேணாலும் விழுறேன், ஒரே ஒரு தகரத்தையாவது கழட்டி விடுங்கன்னுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா தகரத்தக் கழட்டுனா லேஅவுட்டுக்காரன் விடுவானா?

மாரப்பனுக்கு நடுவுல கண்ணு செவந்துச்சு. மாஸ்டருங்க, கண்ணுக்குள்ள மண்ணு போட்டாப்ல அறுக்குதுங்கன்னான். வெங்காயம் உரிக்க வர்ற பொம்பளைங்களுக்கு மொத ரெண்டு நாளு அப்படித்தான், அப்பறம் பழகிரும்னேன். தலவலிங்கன்னான். டீ வாங்கிக் குடுத்தேன். இன்னொண்ணுஞ் சொன்னான், அதக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோசம். மாஸ்டருங்க, முந்தி வாசன போறதுக்கு வெகு நேரமாகுங்க, இப்பெல்லாம் மூடியத் தொறந்த கொஞ்ச நேரத்துலயே டக்குனு போயிருதுங்கன்னான். பாத்தியாடா, புளிக்க வெச்சதோட மகிமடான்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவன் சிரிக்கும்போது இருமல் வந்துருச்சு, அப்படி இருமுனான்.

அன்னிக்கும் திங்கக்கெழமதான். மொத நாளு அவங்க சொந்தத்துல காது குத்து. கெடா வெட்டிருக்காங்க, அவனும் ஊத்திருப்பான், ஊத்தாம இருப்பானா? காலைல ஒண்ணும் உங்காம வந்துருக்கான். ஏறுனான், மூடியத் தொறந்தான். நான் கீழ இருந்து, போச்சாடான்னேன். போச்சுங்கன்னான். நல்லாக் கேட்டுச்சு எனக்கு, போச்சுங்கன்னு. வால்வ அடைச்சேன். சரி எறங்கி வா, டீ குடிக்கப் போலாம்னேன். சத்தத்தக் காணோம். குனிஞ்சாப்லயே கெடக்கறான், ஒரு கை மூடிக்கு அக்கட்ட தொங்குது. ராத்திரி குடிச்ச ஆளு அசந்துட்டான்னு நெனைச்சேன். எனக்கு அன்னிக்கு மூட்டு ரெண்டும் வீங்கி, படி ஏற முடியல. கேட்டுக்குப் போயி வாச்மேனக் கூட்டியாந்து, பெரிய கதவத் தொறந்து, ஏணி புடிச்சு, கவுறு கட்டி எறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. மூஞ்சி ஒரு மாதிரி கருத்துருந்துச்சு. நெஞ்சுவலின்னாங்க ஆப்பீசுல. நெஞ்சுவலிதானுங்க. குடிக்கறவனுக்கு வேற என்ன வரும்?

எனக்கு வருத்தமில்லன்னு நெனைச்சுக்காதீங்க. ரெண்டு நாளு சோறு எறங்கல. கருமாதிக்கு நானே போயி சமைச்சேன். கரண்டி புடிக்க மாட்டேன்னு இருந்தவன், அவனுக்காகப் புடிச்சேன். அவங்க தெருவுக்கெல்லாம் நான் போனதே இல்ல, போனேன். கத்திரிக்காக் கொழம்பு, ரசம், பாயசம், ஒண்ணு கொறையில்ல. எல போட்டுப் பரிமாறுனா ஒருத்தரும் கை வெக்கல. அப்படியே உக்காந்துருக்கறாங்க. அவன் சம்சாரம் செவந்தி எந்திரிச்சு வந்தா. கண்ணுல பொட்டுத் தண்ணியில்ல. உம் மூக்குக்கு எம் புருசனையாடா நீ வெச்சு மோந்து பாத்தேன்னு கேட்டா. குனிஞ்சு ஒரு கை மண்ண அள்ளி பாயச அண்டாவுல போட்டுட்டா.

இது நாயமாங்க? நீங்களே சொல்லுங்க. ஊருல எத்தன பேரு நெஞ்சுவலியில போறாங்க, அதுக்கெல்லாம் சமையல்காரனா பொறுப்பு? எனக்கு மூக்கில்லன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அவன்தான் சொல்லிருக்கோணும். வெளிய சொல்லாதடான்னு எவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அந்தப் பாயசத்த நெனைச்சா இப்பவும் நெஞ்சுக்குள்ள எரியுது. நல்ல அச்சுவெல்லம், ஏலக்கா தட்டிப் போட்டது.

அதுக்கப்பறம் ஒருத்தரு வந்தாரு, திருவண்ணாமலப் பக்கம். ரெண்டாந் திங்கக்கெழம படியில இருந்து வழுக்கி விழுந்து, தல சுத்துதுன்னு வெளிய போனவரு பையக்கூட எடுக்க வரல. அதா, அந்த ஆணியில தொங்குதே, அவருதுதான். வேல செய்ய மனசில்லாதவங்களுக்கு ஒரு சாக்கு வேணும். நீங்க அப்படி இல்லீங்க. உங்களப் பாத்தவுடனே தெரிஞ்சுது. கஷ்டப்பட்ட மூஞ்சி.

என்னங்க, மூஞ்சி வாடுது? பயமா இருக்குதுங்களா? அட போங்க. நான் இதே கொட்டாயிக்குள்ள எத்தன நாளா நிக்கறேன், எனக்கு என்ன ஆச்சு? நீங்க பாட்டுக்கு என்னென்னமோ யோசன பண்ணாதீங்க. பெரிய கதவத் தொறந்து வெக்கலாமான்னா? இன்னிக்கா? நல்லாக் கேட்டீங்க. இன்னிக்கு யாரு வர்றாங்கன்னு வைரவன் சாரு சொல்லலீங்களா? சென்னையில இருந்து பெரியவங்க வர்றாங்க. நம்ம கேஸப் பாக்கத்தான். இந்த மொறைய இன்னும் நாலு ஊர்ல வெக்கப் போறாங்களாமா. நான்தான் போயி அங்கங்க ஆளுகளுக்குச் சொல்லிக் குடுக்கோணும், எப்படிப் புளிக்க வெக்கறது, எப்படிப் பதம் பாக்கறதுன்னு. நாலு ஊரு, நாலு அண்டா! கரண்டிய வெச்சதோட எம் பேரு செத்துப் போச்சுன்னு இருந்தேங்க. அந்தப் பேரு திரும்ப வருது. இந்த நேரத்துல கதவத் தொறந்து விட்டு, நாத்தம் போயி, லேஅவுட்டுக்காரன் வந்து கேட்டுல சத்தம் போட்டா, என் பொழப்பு என்னாகறது, உங்க பொழப்பு என்னாகறது?

இந்தவாட்டி வெள்ளிக்கெழம இல்லீங்க, வியாழக்கெழமயே நெரப்பிட்டேன். நல்லாப் புளிக்கட்டும்னு. பெரியவங்க வர்ற அன்னிக்கு அந்தக் கொழாயில தீ எப்படி எரியுதுன்னு பாருங்க.

அதா, ஹாரன் கேக்குது. வந்துட்டாங்க. மொதல்ல ஆப்பீசுல டீ குடிப்பாங்க, அப்பறந்தான் இங்க வருவாங்க. அவங்க வரும்போது எறக்குனாப்ல இருக்கோணும். சூடும் சரியா இருக்குது, கொழாயத் தொட்டுப் பாத்தாலே எனக்குத் தெரியும். எந்திரிங்க.

அது என்ன, துண்ட எடுத்து மூஞ்சில கட்டறீங்க? கழட்டுங்க, கழட்டுங்க. துண்டக் கட்டிக்கிட்டா வாசன எப்படித் தெரியும்? அப்பறம் உங்கள மேல ஏத்தி என்ன புண்ணியம்? இப்படிக் குடுங்க, நான் வெச்சிருக்கேன். படியப் புடிச்சு ஏறுங்க, ஈரமா இருக்கும். பாத்து. ஆங், தட்டுக்கு வந்துட்டீங்க. அந்தத் திருகு மூணையும் கழட்டி மூடியப் பின்னால தள்ளுங்க. பலமாத் தள்ளுங்க, உள்ள காத்து அடைச்சிருக்கும். ஆங், அப்படித்தான்.

நாறுதா? நாறும், நாறும். அழுகுன முட்டையாட்டம் இருக்குதா? அதுதான் பச்ச வாசன. அந்தத் துடுப்பெடுத்து ஒரு கிண்டு கிண்டி விடுங்க. அடியில இருக்கறது மேல வரோணும். குனிங்க. இன்னுங் கொஞ்சம். தள்ளி நின்னா எப்படித் தெரியும், பொண்ணு பாக்க வந்தவராட்டம் நிக்கறீங்களே.

போச்சுங்களா?

என்னங்க, சத்தமாச் சொல்லுங்க. போச்சா? அதுக்குள்ளயா! சுத்தமாவா? அட சாமி! மாரப்பனுக்குக்கூட இவ்வளவு சீக்கிரமாப் போனதில்லீங்க. வியாழக்கெழம நெரப்புனது, வியாழக்கெழம! இதோ, அடைச்சிட்டேன் வால்வ. மூடிய இழுத்துச் சாத்திட்டு எறங்குங்க.

நாச்சிமுத்து.

ஏனுங்க, எதுக்கு அங்கயே உக்காந்துட்டீங்க? ஆளுங்க வர்ற நேரம், மூடிய அப்படியே போட்டுட்டு உக்காந்தா பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க? எந்திரிங்க. நாச்சிமுத்து! சோறு உண்டாச்சான்னு கேட்டேனே, உண்டேன்னு தலைய ஆட்டுனீங்க. எல்லாரும் இதே பொய்யச் சொல்றீங்க.

சரி, சரி. அப்படியே சாஞ்சுக்குங்க, அசையாதீங்க. ஆளக் கூப்புட்டா சென்னைக்காரங்க முன்னால மானம் போயிரும். நானே ஏறி வர்றேன். இன்னிக்கு மூட்டும் தேவலதான். எனக்கென்னங்க, மூக்கே இல்லாதவன அந்தக் காத்து என்ன பண்ணிரும்?